இரு நாழி நெல்

காஞ்சியில் உமையம்மை மணலால் இலிங்கம் பிடித்து வழிபட்ட கதை நம்மில் பலருக்குத் தெரியும். மாமரத்தடியில் அவள் பூசை செய்யும்போது சிவன் கம்பை ஆற்றைப் பெருகவிடுகிறார். மணல் கரைந்துவிடுமே என்று பதறி அவள் இலிங்கத்தைத் தழுவிக்கொள்கிறாள். இறைவன் குழைகிறார். முலைத்தழும்பும் வளைத்தழும்பும் அவர் மேனியில் பதிகின்றன. ஏகாம்பரநாதருக்குத் ‘தழுவக் குழைந்தார்’ என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

பெரும்பாலும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை நெடுநாளாகப் பிடித்துவைத்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார், மகிழ்ந்து நிற்கும் இறைவனிடம் அம்மை வரம் வேண்டியதையும் சொல்கிறார். தன் பூசை நிலைக்க வேண்டும், தான் அறம் செய்ய வேண்டும் என்கிறாள். அறத்துக்கு வித்தாகச் சிவன் அளிப்பது இரண்டு நாழி நெல்.

8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். சோழர் கல்வெட்டுகளில் கோயில்களுக்கான நெல் கலக்கணக்கில் வரும். இரண்டு நாழி என்பது ஒரு கலத்தில் 48இல் ஒரு பங்கு. அக்காலத்தில் இதைக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு சிறிய அளவு என்று உடனே விளங்கியிருக்கும். எல்லாம் வல்லவர் ஏன் அள்ளிக் கொடுக்கவில்லை? கொடுத்தது விதைநெல், விளைவிப்பது அவள் பொறுப்பு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதைக்கொண்டு அவள் 32 அறங்களை வளர்த்தாள் என்பது மரபு. அந்தப் பட்டியலில் சிறையிலிருப்போருக்குச் சோறு உண்டு, அறுசமயத்தார்க்கும் உணவு உண்டு, தண்ணீர்ப்பந்தல் உண்டு, மாடுகள் தினவு தீர்க்க நடும் கல்லும் உண்டு. யாழ்ப்பாணத்தில் கேணியடியில் நிற்கும் ஆவுரஞ்சிக்கல் அதுதான். அந்தக் கல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த இதழின் வாசகர்களிலும் இருப்பார்கள்.

பட்டியலில் துணி வெளுப்போரும் உண்டு. சேக்கிழார் அம்மையின் கதையை வைத்திருக்கும் இடத்தை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது வருவது அரசன் கதையில் அல்ல. காஞ்சியில் அடியார்களின் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர் புராணத்தில். குளிரில் நடுங்கும் முதியவராகச் சிவன் வந்து கந்தையைக் கொடுக்கிறார். மாலைக்குள் உலர்த்தித் தருவதாகத் தொண்டர் வாக்களிக்கிறார். மழை விடாமல் பெய்கிறது. சொன்ன சொல் தவறியதே என்று அவர் துணி துவைக்கும் கல்லில் தலையை மோதப்போகிறார். கல்லிலிருந்து இறைவனின் கை எழுந்து தடுக்கிறது.

அம்மைக்கு வந்தது வெள்ளம். வெளுப்பவருக்கு வந்தது மழை. இரண்டையும் அனுப்பியவர் ஒருவரே. இருவரும் தம்மைக் காக்கும்படி கேட்கவில்லை. அவள் காக்க நினைத்தது ஒரு மணல் இலிங்கத்தை. அவர் காக்க நினைத்தது ஒரு கிழவரின் கந்தையை. இரண்டையும் ஒரே புராணத்தில் வைத்த சேக்கிழார், இறைவிக்கும் ஏகாலிக்கும் ஒரே சோதனையைத்தான் கொடுத்திருக்கிறார்.