சமத்துவம் வந்தது, விலக்குப் போனது

ஓய்வூதியத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் யாருடையது என்ற வினா நம் நாட்டில் அதிகம் எழுவதில்லை. வேளாண் வருமானம் நீங்கலான வருமான வரி ஒன்றிய அரசின் அதிகாரம். சென்னையில் ஓய்வு பெற்றவருக்கும் லக்னோவில் ஓய்வு பெற்றவருக்கும் ஒரே சட்டம்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அப்படியன்று. கூட்டரசு வருமான வரிக்கு மேல் பெரும்பாலான மாநிலங்கள் தனியே ஒரு வருமான வரி வாங்குகின்றன. எனவே முதியவரின் கையில் எஞ்சுவது அவர் எங்கே வாழ்கிறார் என்பதை மட்டுமன்றி, ஒரு காலத்தில் யாரிடம் வேலை பார்த்தார் என்பதையும் பொறுத்திருந்தது.

இதன் வேர் பழையது. கூட்டரசு நிறுவிய வங்கியின் மீது மாநிலம் வரி விதிக்க முடியாது என்று 1819இல் மக்கல்லக் எதிர் மேரிலாந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில நீதிபதியின் ஊதியத்தின் மீது கூட்டரசும் வரி விதிக்கலாகாது என்று 1871இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இந்தப் பரஸ்பர விலக்கு 1939இல் முடிவுற்றது. கூட்டரசு ஊழியரின் ஊதியத்தின் மீது மாநிலங்கள் வரி விதிக்கலாம் என அவ்வாண்டின் பொது ஊதிய வரிச் சட்டம் இசைந்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஊதியம் கூட்டரசிடமிருந்து வருகிறது என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது.

மிச்சிகன் மாநிலம் தன் ஓய்வூதியர்களுக்கு முழு வரிவிலக்கு அளித்தது. கூட்டரசு ஓய்வூதியர்களிடம் வரி வாங்கியது. கூட்டரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பால் டேவிஸ் என்பவர் 1979 முதல் 1984 வரை தாம் செலுத்திய வரியைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றத்தில் தாமே வாதிட்டார். ஓய்வு பெற்றவர் இப்போது ஊழியர் அல்லர், ஆகவே 1939ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காக்காது என்பது மாநிலத்தின் வாதங்களுள் ஒன்று. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓய்வூதியம் என்பது செய்து முடித்த பணிக்குப் பிற்காலத்தில் வழங்கப்படும் ஊதியமே என்று கொண்டு, 1989 மார்ச்சில் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் டேவிஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடை அன்று என்று 1982இல் நகரா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் கூறியதை இங்கு நினைவுகூரலாம். இரண்டும் வெவ்வேறு சட்டச் சிக்கல்கள். ஆயினும் ஓய்வூதியத்தைப் பற்றிய பார்வையில் அவை நெருங்கி வருகின்றன.

ஆனால் டேவிஸ் வென்றது சமத்துவத்தை, விலக்கை அன்று. சமத்துவத்தை இரு வழிகளில் எட்டலாம்: எல்லோருக்கும் விலக்கு அளிப்பது ஒன்று, எவருக்கும் அளிக்காதிருப்பது மற்றொன்று. வர்ஜீனியா இரண்டாம் வழியைத் தேர்ந்தது. மாநில, உள்ளாட்சி ஓய்வூதியர்களுக்கு அதுவரை இருந்த விலக்கை 1989இலேயே நீக்கியது. பழைய ஆண்டுகளின் வரியைத் திருப்பிக் கேட்ட கூட்டரசு ஓய்வூதியர்கள் 1993 வரை உச்ச நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. மிச்சிகனிலும் விலக்கு நிலைக்கவில்லை. 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதியர்களைப் பிறந்த ஆண்டின்படி பிரித்தது: 1946க்கு முன் பிறந்தவர்களுக்குப் பழைய சலுகை நீடித்தது, பின் பிறந்தவர்களுக்குச் சுருங்கியது. அதைப் படிப்படியாகத் திருப்பும் சட்டம் 2023இல்தான் வந்தது. இடையில், 2019இல் டாசன் எதிர் ஸ்டீகர் வழக்கில், மேற்கு வர்ஜீனியாவின் இதே வகைப் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நீக்கியது.

டேவிஸ் வழக்கில் தனித்து மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸின் வாதத்தை நம் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். மாநிலத்தின் பெரும்பான்மைக் குடிமக்களைப் போலவே கூட்டரசு ஓய்வூதியர்களும் வரி செலுத்துகிறார்கள். இதில் பாகுபாடு எங்கே என்று அவர் கேட்டார். சட்டப்படி அவர் தோற்றார். எனினும் அவர் சுட்டிய பெரும்பான்மை மறையவில்லை. தொழிற்சாலையிலும் கடையிலும் உழைத்து ஓய்வு பெற்றவர் இந்தக் கோட்பாட்டின் எல்லைக்குள் வருவதே இல்லை. ஏனெனில் இது முதுமையைக் காக்கப் பிறந்த கோட்பாடு அன்று. ஓர் அரசை மற்றோர் அரசின் வரியிலிருந்து காக்கப் பிறந்தது. ஓய்வூதியர்களுள் ஒரு சாரார் பெற்ற பாதுகாப்பு அதன் உபவிளைவே. ஓய்வூதிய வரியின் வரலாற்றை முதியோர் நல வரலாறாக மட்டும் எழுதினால் இந்த உண்மை விடுபட்டுப் போகும்.