ஆணியும் வச்சிரமும்

மரவேலை செய்பவருக்கு ஆங்கிலத்தில் ‘கார்ப்பெண்டர்’, ‘ஜாயினர்’ என இரு பெயர்கள் உண்டு. நாம் இரண்டையும் ‘தச்சர்’ என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். பழைய இலண்டனில் அவ்வாறு கலந்து பேசியிருந்தால் பூசல் மூண்டிருக்கும்.

முன்னதன் வேர், வண்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல். பின்னது பிரெஞ்சு வழி வந்தது. இணைப்பவர் என்று பொருள்படும். ‘ஜாயின்’ என்னும் அவ்வினையும் நாம் அறிந்த ‘யோகம்’ என்னும் வடசொல்லும் ஒரே மூலத்தின் கிளைகள் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தில் குயின்ஸ் கார்ப்பெண்டர், ஸ்னக் ஜாயினர். அக்காலத்தார்க்கு அவை வெவ்வேறு தொழில்கள்.

கார்ப்பெண்டர் சங்கம் 1477இலும் ஜாயினர் சங்கம் 1571இலும் அரச பட்டயம் பெற்றன. எவ்வேலை யாருக்குரியது என்னும் வழக்கு 1632இல் இலண்டன் நகர ஆட்சிமன்றத்தின் முன் வந்தது. மன்றம் மரத்தை நோக்கவில்லை. அதை இணைக்கும் முறையையே நோக்கியது. துளையில் முனையைச் செருகியும், புறாவால் வடிவில் வெட்டிக் கோத்தும், வச்சிரம் இட்டு ஒட்டியும் செய்யும் பொருள்கள் ஜாயினருக்கு. பலகைகளை ஆணியால் அறைந்து செய்வன கார்ப்பெண்டருக்கு. பெட்டி ஒன்றேயாயினும் அதில் வச்சிரம் பட்டால் கார்ப்பெண்டரின் கூலி பறிபோகும். ஒரு வினைச்சொல்லின் பொருளெல்லை இத்தனை பேரின் சோற்றை வரையறுத்தது நமக்கு வியப்பாகவே உள்ளது.

இன்று வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ‘ஜாயினர்’ என்பது மரவேலைக்காரர் எவருக்கும் பொதுப்பெயர். ஆணியும் அவரே அடிக்கிறார்.