நீலகிரி மலை ரயில்: நீராவி எஞ்சின் மாற்றமும் எதிர்ப்பும்

நீலகிரி மலை ரயிலின் மேல்பகுதியில் நீராவி எஞ்சினின் இடத்தை டீசல் எஞ்சின் பிடித்ததற்கு நீலகிரி மக்களும் சுற்றுலாப் பயணிகளும் ரயில் ஆர்வலர்களும் தெரிவித்துவந்த எதிர்ப்பு, தமிழ்நாட்டின் ரயில் வரலாற்றில் தனி இடம் பெற்றது. பழமையைக் காக்கும் பணியில் பெரும்பங்கு காவிரி பாயும் திருச்சிராப்பள்ளியின் பொன்மலைப் பணிமனையில் நடந்தது.

பாதையும் எஞ்சினும்

மேட்டுப்பாளையம்–குன்னூர் மீட்டர் கேஜ் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1908-இல் உதகமண்டலம் (ஊட்டி) வரை நீண்டது. மொத்த நீளம் சுமார் 46 கி.மீ. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் 1914 முதல் தயாரான ‘எக்ஸ்’ வகை எஞ்சின்களுக்கு நான்கு உருளைகள். இரண்டு உருளைகள் ஓடும் சக்கரங்களை இயக்க, அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி மற்ற இரண்டுக்கும் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றும்.

டெல்டாத் தொடர்பு

தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு மாறியது. காவிரி டெல்டாவில் தஞ்சாவூர் வழியாகச் சென்ற மீட்டர் கேஜ் பாதை பிற்காலத்தில் அகலப்பாதையானது. மலைப்பாதை மட்டும் பழைய அளவிலேயே நீடித்தது.

எதிர்ப்பு

குன்னூருக்கு மேல் பற்சட்டம் இல்லை. அதனால் டீசல் எஞ்சின் அங்கே எளிதில் ஓடியது. செலவும் வேலையும் குறைந்தன. ஆனால் கரிப்புகையும் கூவலும் இல்லாத ஊட்டிப் பயணத்தைப் பலர் ஏற்கவில்லை. குன்னூர்–உதகமண்டலம் பகுதியிலும் நீராவி எஞ்சின் வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்தது. 1999-இல் டார்ஜிலிங் மலை ரயில் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. 2005-இல் நீலகிரியும் அதனுடன் சேர்க்கப்பட்டது. கோரிக்கைக்கு அது வலுவூட்டியது.

குன்னூருக்குக் கீழே உள்ள பகுதியில் நீராவி எஞ்சின் நீடித்தாலும் எரிபொருள் மாறியது. நல்ல நிலக்கரி கிடைப்பது அரிதானது. தீப்பொறியால் காடு பற்றும் அச்சமும் இருந்தது. எனவே எண்ணெயில் எரியும் கொதிகலன்கள் வந்தன.

புதிய எஞ்சின், பழைய வடிவம்

2011 முதல் பொன்மலைப் பணிமனை, ‘எக்ஸ்’ வடிவத்திலேயே எண்ணெயில் இயங்கும் எஞ்சின்களைப் புதிதாகக் கட்டியது. 2021-இல் நிலக்கரியில் ஓடும் புதிய எஞ்சினும் அங்கே உருவானது.

மதிப்பீடு

பழமையைக் காக்க எழும் எதிர்ப்பு எப்போதும் வெல்வதில்லை: அமெரிக்காவின் புளோரிடா டிஸ்னி பூங்காவில் ‘மிஸ்டர் டோட்ஸ் வைல்டு ரைடு’ சவாரியைக் காக்க ரசிகர்கள் போராடியும், 1998-இல் அது மூடப்பட்டது. நீலகிரியிலோ எதிர்ப்புக்கு முழு வெற்றியும் இல்லை, முழுத் தோல்வியும் இல்லை. சுவிஸ் இரும்புக்குப் பதில் பொன்மலை இரும்பு வந்ததை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. எஞ்சின் எத்தனை பழையது என்பதைவிட, அது நீராவியால் ஏறுகிறதா என்பதே ஆர்வலர்களுக்கு முக்கியமாக இருந்தது.