வாடகை யந்திரங்களும் பொது வைத்தியசாலைகளும்: கென்ய நாட்டு உடன்படிக்கையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டை ஒட்டித் தேசிய சுகாதார இயக்கத்தின் சார்பில் அரசு வைத்தியசாலைகளின் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, 29,115 நிலையங்களில் ஏறக்குறைய 4,564 கோடி ரூபாய் பெறுமானமுள்ள 7,56,750 கருவிகள் இருப்பதாகவும், அவற்றுள் மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை ஓடாமல் கிடப்பதாகவும் தெரியவந்தது. இதற்கு ஊழியரின் அசட்டையே காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடானதன்று. யந்திரம் வாங்குவதற்கான பணம் மூலதனச் செலவு என்ற தலைப்பில் ஒரே தடவையாக வருகிறது. அதை ஓட்டுவதற்கான பணமோ வருஷந்தோறும் வேறொரு தலைப்பில், வேறோர் அதிகாரியின் ஒப்புதலோடு வரவேண்டியிருக்கிறது. ஆகவே, வாரண்டி முடிந்த மறுமாதம் சி.டி. ஸ்கேனரின் எக்ஸ்ரே குழாய் எரிந்துபோனால், பல லட்சம் விலையுள்ள அந்த ஓர் உதிரிப்பாகத்துக்காக எழுதப்படும் கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்க, நோயாளிகள் வெளியே தனியார் ஸ்கேன் சென்டருக்குச் சீட்டு எழுதி அனுப்பப்படுகிறார்கள்.

இந்தப் பிளவை நீக்கும் உபாயமாகவே, யந்திரத்தைத் தனியார் தம் மூலதனத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பழுது பார்த்து, பணியாளரைப் பழக்கி, காலாவதியானால் மாற்றியும் கொடுப்பது, வைத்தியசாலை அதற்கெல்லாம் சேர்த்து வருஷாந்தரக் கட்டணம் ஒன்று செலுத்துவது என்ற ஏற்பாடு தோன்றிற்று. பிரிட்டனில் 1992-இல் நிதி மந்திரி நார்மன் லமான்ட் தொடங்கிவைத்த தனியார் நிதித் திட்டத்தின் வழியில் கட்டடங்களோடு கருவிகளும் இம்முறைக்குள் வந்தன. கடன் சர்க்காரின் கணக்கேட்டில் ஏறாது என்பது அதன் கவர்ச்சிகளுள் ஒன்று. அது அவ்வளவு கண்ணியமான காரணமாக எனக்குப் படவில்லை. ஆனால் யந்திரம் நின்றால் நஷ்டம் விற்றவனைச் சேரவேண்டும் என்ற மற்றொரு தத்துவம் நியாயமானது. 2018-இல் பிரிட்டன் இத்தகைய புதிய ஒப்பந்தங்களைக் கைவிட்டுவிட்ட போதிலும், அந்தத் தத்துவத்தை நாம் கைவிட வேண்டியதில்லை. அது எந்த இடத்தில் தவறுகிறது என்பதைக் கென்ய நாட்டு அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

கென்யாவின் மத்திய சுகாதார அமைச்சு 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில், சுமார் 3,800 கோடி ஷில்லிங் மதிப்பில், ஏழாண்டுக் கால ஒப்பந்தங்களைச் சில நிறுவனங்களோடு செய்துகொண்டது. எக்ஸ்ரே, ஸ்கேன் சாதனங்களை ஜெனரல் எலக்ட்ரிக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவின் சாதனங்களைப் பிலிப்ஸும், டயாலிசிஸ் யந்திரங்களை இத்தாலியின் பெல்கோவும், அறுவை அரங்குக் கருவிகளைச் சீனத்தின் மைண்ட்ரேயும் அளிப்பதென்று ஏற்பாடு. கவுண்டி எனப்படும் 47 வட்டார ஆட்சிப் பிரிவுகளிலும் கவுண்டிக்கு இரண்டாக 94, தேசிய வைத்தியசாலைகள் 4, ஆக 98 இடங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. பெரிய கவுண்டி, சிறிய கவுண்டி, நகரம், பாலைவனம் என்ற பேதமின்றி ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 9.5 கோடி ஷில்லிங் என்று கட்டணம் விதிக்கப்பட்டது. பின்னர் அது 20 கோடியாக உயர்ந்தது. ஆண்டுக்கு 446.5 கோடியாயிருந்த மொத்தச் சுமை 940 கோடியாயிற்று என்பதைப் பெருக்கிப் பார்ப்பவர் எவரும் காணலாம்.

2010-ஆம் ஆண்டின் அரசியல் சாசனத்தின் நான்காம் அட்டவணைப்படி, கவுண்டி வைத்தியசாலைகள் கவுண்டி ஆட்சியின் பொறுப்பு. மத்திய ஆட்சிக்கு உரியவை சுகாதாரக் கொள்கையும் தேசிய மேல்சிகிச்சை நிலையங்களுமே. அப்படியிருக்க, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மத்திய அமைச்சு. பணம் கவுண்டிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து அவர்கள் கைக்கு வருமுன்பே கழிக்கப்பட்டது. யந்திரத்தை இயக்கும் டெக்னீஷியனையும் மயக்க மருந்து நிபுணரையும் நியமித்துச் சம்பளம் கொடுக்க வேண்டியவர்களும் அந்தக் கவுண்டிகளே. யந்திரம் தேவையா என்று கேட்கப்படாதவர் அதற்கு ஆள் வைக்கவேண்டும். ஆதலால், மின்சாரமோ தண்ணீரோ நிபுணரோ இல்லாத இடங்களில் கருவிகள் பிரிக்கப்படாத பெட்டிகளாகவே கிடந்தன. 2020-இல் செனட் சபையின் விசேஷக் குழு இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டிக்கும் அறிக்கையை வெளியிட்டது.

ஆயினும் திட்டம் முழுவதும் விரயம் என்று நான் சொல்லமாட்டேன். டயாலிசிஸ் விஷயத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் ஓடும் ஒரு டயாலிசிஸ், ஒரு நோயாளிக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீரைக் குடித்துவிடுகிறது. குழாய் நீரில் கலந்த குளோரின் கரியடுக்கிலே நின்றுவிட்டதா என்று காலை ஷிப்டு தொடங்குமுன் டெக்னீஷியன் ஒரு சிறு பரிசோதனைத் தாளை நனைத்துப் பார்க்கிறார். அது தவறினால் நோயாளியின் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும். ஆக, யந்திரம் என்பது நீர்த்தொட்டி, ஆர்.ஓ. பிளாண்ட், ஜெனரேட்டர், டயலைசர், நர்ஸ் என்று நீளும் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணியே. கென்யாவில் தேசிய மருத்துவமனைக் காப்பீட்டு நிதி, வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸுக்குக் கட்டணம் தர முன்வந்தபடியால், அச்சங்கிலியின் மற்றக் கண்ணிகளுக்கும் பணம் கிடைத்தது. நைரோபிக்குப் பிரயாணம் செய்துகொண்டிருந்த பல நோயாளிகள் தம் கவுண்டியிலேயே சிகிச்சை பெறலாயினர். அதே ஒப்பந்த முறைதான். ஆனால் நோயாளியைப் பின்தொடர்ந்து பணம் வந்த இடத்தில் யந்திரம் ஓடிற்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். இவ்வகை உடன்படிக்கைகளில் கம்பெனியின் கடமையை அளப்பதற்கு, யந்திரம் ஓடும் நிலையில் இருந்த காலத்தின் விகிதமே அளவுகோலாக வைக்கப்படுகிறது. இந்தியாவின் அரசு வைத்தியசாலைக் கருவிகளுக்கான பராமரிப்புத் திட்டத்திலும் மாவட்ட வைத்தியசாலைக்கு 95 சதவீதம், சமுதாய நல நிலையத்துக்கு 90, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 80 என்றே விதித்திருக்கிறார்கள். 95 சதவீதம் என்றால் வருஷத்தில் 18 நாள் யந்திரம் நிற்கலாம் என்று பொருள். பழுதான யந்திரத்துக்கு இந்த அளவுகோல் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் பெட்டியில் கிடக்கும் யந்திரம் பழுதாவதேயில்லை! புகார் எழுதுவார் இல்லாததால், நின்ற நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் ஓடத் தொடங்குவதுமில்லை. ஒரு நோயாளியையும் காணாத ஸ்கேனர் நூற்றுக்கு நூறு செவ்வையாக இருப்பதாகக் கணக்கில் ஏறி, முழுக் கட்டணத்தையும் பெற்றுக்கொள்ளக்கூடும். தனியார் லாபத்தின்மேல் பழிபோடுவதைவிட இந்த அளவுகோலின்மேல் நம் கவனத்தைச் செலுத்துவதே பிரயோஜனமானது என்பது என் துணிபு. யந்திரத்தின் ஆரோக்கியத்துக்கு விலை பேசியவர்கள், மனிதரின் ஆரோக்கியம் அதனோடு தானே வந்துவிடும் என்று எண்ணிவிட்டார்கள்.

ஏழாண்டுத் தவணையும் அதன் நீட்டிப்பும் முடிந்தபின், கென்ய சர்க்கார், செய்த பரிசோதனைக்கு மட்டும் கட்டணம் என்ற முறைக்கு இப்போது மாறியிருக்கிறது. பெட்டியில் கிடப்பதற்குப் பணமில்லை என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்றாகும்போது அவசியமற்ற ஸ்கேன்கள் பெருகும் அபாயம் உண்டு. நோயாளி குறைந்த வறண்ட கவுண்டிகளுக்குக் கம்பெனிகள் மனமுவந்து போகமாட்டா என்ற அபாயமும் உண்டு. இரண்டாவதற்கு, அத்தகைய கவுண்டிகளுக்கு மட்டும் ஒரு குறைந்தபட்சக் கட்டணத்தைச் சர்க்கார் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளலாம். முதலாவதற்கு, கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதே வினா. நவீன ஸ்கேனர் தான் எடுத்த படங்களைத் தானே எண்ணிக்கொள்கிறது. அந்த எண்ணிக்கையைத் தொலைவிலிருந்தே கம்பெனி பார்த்துக்கொள்ள முடியும். வைத்தியசாலையில் இருப்பது, எந்த டாக்டர் எந்த நோயாளிக்கு ஏன் எழுதினார் என்று பதிவாகும் ஸ்கேன் அறை நோட்டு. மாதமுடிவில் கம்பெனியின் பில்லையும் அந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிவரியாக ஒத்துப்பார்த்த பிறகே பில்லில் கையொப்பமிடுவது என்ற அதிகாரத்தைத் தலைநகரத்து அமைச்சுக்கு அல்லாமல், அந்த வைத்தியசாலையிலேயே சம்பளம் வாங்கும் ஒரு பயோமெடிக்கல் இன்ஜினியருக்கு ஒப்பந்தத்தின் முதல் ஷரத்திலேயே எழுதிக் கொடுக்கவேண்டும்.