டெல்லியில் இரண்டே நாள் தங்குகிறீர்களா? ஊர் சுற்றக் கிளம்பும் முன் கிழமையைப் பாருங்கள்

நம்மில் பலர் டெல்லிக்குப் போவது டெல்லியைப் பார்க்க அல்ல. எய்ம்ஸில் அப்பாயின்ட்மென்ட், பையனுக்கு இன்டர்வியூ, அமைச்சகத்தில் ஒரு வேலை, இல்லையென்றால் மணாலிக்கோ ஹரித்வாருக்கோ போகிற வழியில் ஒரு நாள் தங்கல். வேலை முடிந்து கையில் மிஞ்சுவது ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள். 'வந்தது வந்தோம், ஊரைப் பார்த்துட்டுப் போயிடலாம்' என்று கிளம்புவோம்.

இணையத்தில் தேடினால் 'கட்டாயம் பார்க்க வேண்டிய 10 இடங்கள்', '25 இடங்கள்' என்று பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடும், அல்லது கடைசி வரியில் பொடி எழுத்தில் போடும்: அந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும்?

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அவமானகரமானது. எண்களையும் அட்டவணைகளையும் வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக ஒரு ஞாயிறு இரவு டெல்லி வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை நேராகச் செங்கோட்டைக்கு அழைத்துப் போனேன். (தென்காசி பக்கத்துச் செங்கோட்டை இல்லை, பிரதமர் கொடியேற்றுகிற செங்கோட்டை.) கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. சரி, தேசிய அருங்காட்சியகம் போகலாம் என்றால் அதுவும் விடுமுறை. மூன்றாவதாகத் தாமரைக் கோயில். அங்கே இறங்கியதும் அப்பா சொன்னார்: "ஊரே லீவு விட்டுருச்சா இன்னைக்கு?"

அன்று இரவு உட்கார்ந்து ஒரு எக்செல் ஷீட் போட்டேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான்.

திங்கட்கிழமை எதெல்லாம் மூடியிருக்கும்?

செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீன கலைக்கூடம், சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகம், கைவினை அருங்காட்சியகம், தீன் மூர்த்தி வளாகத்தில் 2022இல் திறந்த பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட இடமான காந்தி ஸ்மிருதி, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், குடியரசுத் தலைவர் மாளிகையின் பொதுமக்கள் பார்வை. எண்ணிப் பாருங்கள், பத்து. முதன்முறை வருகிறவர்கள் எழுதும் பட்டியலில் பாதி இதிலேயே போய்விடும்.

மற்ற நாட்களுக்கும் தனித்தனிச் சிக்கல்கள் உண்டு. உயிரியல் பூங்கா வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சாந்தினி சௌக்கில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு ஷட்டர் இறங்கிவிடும். சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குத் திங்கள் விடுமுறை. ஜாமா மசூதியில் தொழுகை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வெள்ளி மதியம் அந்தப் பக்கம் திட்டம் போடாதீர்கள். ஆகஸ்ட் 15க்கு முன்பு பல நாட்கள் செங்கோட்டைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இருக்காது. ஜனவரி 26ஐ ஒட்டி, அணிவகுப்பு ஒத்திகைக்காக இந்தியா கேட் சுற்றுவட்டாரச் சாலைகளை அடைத்துவிடுவார்கள்.

இது தெரியாவிட்டால் என்ன நஷ்டம்?

நேரம் போவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டெல்லியில் வெளியூர்க்காரர்களிடம் அடிக்கடி சொல்லப்படும் பொய்யே 'இன்னைக்கு அது மூடிட்டாங்க சார்' என்பதுதான். புதுடெல்லி ரயில் நிலையத்தின் பஹாட்கஞ்ச் பக்கம், கன்னாட் பிளேஸ் நடைபாதை, ஆட்டோ ஸ்டாண்ட் என்று இந்த மூன்று இடங்களில் இதைக் கேட்காமல் தப்பித்தவர்கள் குறைவு. சொல்கிறவர் நல்ல மனிதராகத்தான் தெரிவார். பின்னாடியே 'வேற இடம் காட்டுறேன்' என்று ஒரு கைவினைப் பொருள் கடைக்கு அழைத்துப் போவார். அங்கே நீங்கள் பத்து நிமிடம் நின்றாலே அவருக்குக் கமிஷன்.

எங்கள் திங்கட்கிழமையும் அப்படித்தான் முடிந்தது. குதுப் மினாரும் மூடியிருக்கிறது என்று ஆட்டோக்காரர் சொன்னார். ஏற்கெனவே மூன்று இடம் மூடியிருந்ததைப் பார்த்துவிட்டதால் நம்பினோம். அம்மா கையில் ஒரு சால்வையோடு அறைக்குத் திரும்பினோம். குதுப் மினார் அன்று திறந்திருந்தது. வாரத்தில் ஏழு நாளும் அது திறந்திருக்கும்.

'அரசு சுற்றுலா அலுவலகம்' என்று போர்டு மாட்டிய தனியார் ஏஜென்சிகளும் அந்தப் பகுதியில் நிறைய. மத்திய அரசின் உண்மையான சுற்றுலா அலுவலகம் இருப்பது 88, ஜன்பத் என்ற முகவரியில். யாராவது வேறு முகவரிக்குக் கூட்டிப்போனால் திரும்பி நடந்துவிடுங்கள்.

அப்படியானால் திங்கட்கிழமை என்ன செய்வது?

இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களுக்குப் போக வேண்டியதுதான். டெல்லியில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள் மூன்று: குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, செங்கோட்டை. இதில் செங்கோட்டைக்கு மட்டும்தான் திங்கள் விடுமுறை. சஃப்தர்ஜங் கல்லறை, ஜந்தர் மந்தர், துக்ளகாபாத் கோட்டை ஆகியவையும் திறந்திருக்கும்.

எய்ம்ஸ் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு இது இன்னும் வசதி. மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் ஒன்றே போதும். காலை ஏழரை மணிக்கெல்லாம் குதுப் மினார் ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து மினாருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வெயில் காலமென்றால் ஆட்டோ பிடிப்பது நல்லது. 72.5 மீட்டர் உயரம். உள்ளே ஏறலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியாது. 1981 டிசம்பரில் உள்ளே மின்சாரம் போய், படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். அதோடு ஏறுவதை நிறுத்திவிட்டார்கள்.

மினாரை அண்ணாந்து பார்த்து போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புகிற கூட்டம்தான் அதிகம். பக்கத்திலேயே நிற்கும் இரும்புத் தூணிடம் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 7 மீட்டருக்குச் சற்று மேலான உயரம், ஏறக்குறைய 6 டன் எடை, குப்தர் காலத்தது. ஆயிரத்து அறுநூறு வருட மழையிலும் பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. காரணம் மந்திரம் இல்லை. அந்தக் காலத்து உருக்கு முறையில் இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாகத் தங்கிவிட்டது. அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாக உதவியது. கான்பூர் ஐஐடியின் உலோகவியல் பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தூணைக் கட்டிப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்று முன்பு வரிசை நிற்கும். இப்போது வேலி போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பக்கத்தில் மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா. கட்டணம் கிடையாது. பால்பன் கல்லறை, ஜமாலி கமாலி மசூதி, ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறு என்று மரங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. குதுப்பில் இருக்கிற நெரிசல் இங்கே இருக்காது. எனக்கு இரண்டில் ஒன்று என்றால் இதைத்தான் எடுப்பேன். ஆனால் சாயங்காலம் இருட்டும் முன் வெளியே வந்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் ஜோர் பாக் ஸ்டேஷனில் இறங்கினால் சஃப்தர்ஜங் கல்லறையும் லோதி தோட்டமும் நடக்கிற தூரம். லோதி தோட்டம் இலவசம். முடித்துவிட்டு ஐஎன்ஏ ஸ்டேஷனில் தில்லி ஹாட். அங்கே மாநிலவாரியாகச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. திங்கள் அப்படியே முடிந்துவிடும்.

டிக்கெட் எவ்வளவு? யாருக்கு எந்த விலை?

குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை இரண்டுக்கும் இந்தியர்களுக்கு 40 ரூபாய். ஆன்லைனில் எடுத்தால் 35. வெளிநாட்டினருக்கு 600. ஜந்தர் மந்தர், சஃப்தர்ஜங் போன்றவற்றுக்கு 25 ரூபாயும் 300 ரூபாயும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். நுழைவாயிலில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அன்றைய விலை தெரிந்துவிடும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. சார்க், பிம்ஸ்டெக் நாட்டவர்கள் இந்தியர்களுக்கான கட்டணமே கொடுத்தால் போதும். அதாவது யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர்களுக்கு 600 அல்ல, 40தான். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். கவுன்டரில் அவர்களாகச் சொல்லாமலும் போகலாம். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் வெளிநாட்டுக் கட்டணம். ஆனால் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2021 மார்ச் அறிவிக்கைப்படி இந்தியர் கட்டணம்தான். பினாங்கிலிருந்து வரும் ஒரு தம்பதி குதுப்பையும் ஹுமாயூன் கல்லறையையும் பார்க்க 2,400 ரூபாய் ஆகும். இருவரிடமும் ஓசிஐ அட்டை இருந்தால் 160. அட்டையை ஹோட்டல் அறையில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள்.

டெல்லியில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை 170க்கும் மேல். கட்டணம் வாங்குபவை அதில் மிகச் சில, மற்றவை இலவசம். கூட்டம் போவதோ மூன்று நான்கு இடங்களுக்குத்தான். யாரும் போகாத இடங்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, நாடு முழுக்க 92 பாதுகாக்கப்பட்ட சின்னங்களைக் காணவில்லை என்றது. பின்னர் அவற்றில் பலவற்றைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்கவே முடியாததாலும் தேசிய முக்கியத்துவம் போய்விட்டதாலும் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாக 2024இல் அறிவிப்பு வந்தது. டெல்லி பாரகம்பா கல்லறைத் தோட்டம் அதில் ஒன்று. கன்னாட் பிளேஸிலிருந்து கிளம்பும் பாரகம்பா சாலையில் அந்தப் பெயரைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் படித்துக்கொண்டே போகிறார்கள்.

செவ்வாய் முதல் சனி வரை

இந்த நாட்களில் காலையைச் செங்கோட்டைக்குக் கொடுங்கள். ஊதா வழித்தடத்தில் 'லால் கிலா', 'ஜாமா மஸ்ஜித்' ஸ்டேஷன்கள் 2017இல் வந்த பிறகு பழைய டெல்லிக்குப் போவது ரொம்பச் சுலபமாகிவிட்டது. கோட்டை வாசலிலிருந்து சாந்தினி சௌக்கில் நேரே நடந்தால் ஜெயின் கோயில், கௌரி சங்கர் கோயில், சீஸ் கஞ்ச் குருத்வாரா, கடைசியில் ஃபதேபுரி மசூதி என்று ஒரே தெருவில் வரும். அதைத் தாண்டினால் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே போகும்போது கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள், தும்மல் நிற்காது.

மதியம் தேசிய அருங்காட்சியகம். மொகஞ்சதாரோவின் 'நடனமாடும் பெண்' சிலை இங்கேதான் இருக்கிறது. புத்தகத்தில் பார்த்துப் பெரிய சிலை என்று நினைத்திருப்பீர்கள், உயரம் 10.5 செ.மீ., ஒரு செல்போனை விடச் சிறியது. அதைப் பார்த்த கையோடு வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். புதுக்கோட்டை மாவட்டத் திருவரங்குளத்தைச் சேர்ந்த 12ஆம் நூற்றாண்டு சோழர் நடராஜர் அங்கே நிற்கிறார். அப்பா அடுத்த முறை வந்தபோது இதன் முன்னால் செருப்பைக் கழற்றப் போய், காவலாளி தடுத்தார். இந்த அருங்காட்சியகத்தை நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டம் இருக்கிறது. அதனால் போகும் முன் எந்தெந்தக் கூடங்கள் திறந்திருக்கின்றன என்று இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

அக்ஷர்தாம் போவதாக இருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள். செல்போன் உள்ளே அனுமதி இல்லை. வெளியே ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தார் எல்லோரும் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐயை நம்பி வெறும் பையோடு போனால் உள்ளே தண்ணீர் பாட்டில்கூட வாங்க முடியாது.

ஞாயிறு மட்டும்தான் கிடைத்தது என்றால் சாந்தினி சௌக்கை விட்டுவிடுங்கள். காலையில் டெல்லி கேட் அருகே மஹிளா ஹாட்டில் கூடும் பழைய புத்தகச் சந்தை, பிறகு ஹுமாயூன் கல்லறை, சாயங்காலம் இந்தியா கேட், போர் நினைவுச் சின்னம். கடைசி இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது.

ஆக்ராவைச் சேர்த்துக்கொள்ளலாமா?

தாஜ்மஹாலுக்கு விடுமுறை திங்கள் அல்ல, வெள்ளி. டெல்லிக் கணக்கு பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். 'வியாழக்கிழமை ராத்திரி நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி, வெள்ளி காலை ஆக்ரா' என்று யாராவது பேக்கேஜ் சொன்னால், பாதிதான் சரி. கவ்வாலிக்கு வியாழன் மாலை பொருத்தமான நாள். ஆக்ராவுக்குச் சனிக்கிழமை போங்கள். ஹஜ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 100 நிமிடத்தில் ஆக்ரா போய்விடும். அந்த ரயிலும் வெள்ளிக்கிழமை ஓடாது. தாஜில் இந்தியர்களுக்கு 50 ரூபாய், பிரதானக் கல்லறைக்குள் போக மேலும் 200. சார்க் சலுகை இங்கே வேறு மாதிரி: இலங்கையர்களுக்கு நுழைவு 540 ரூபாய், கல்லறைக்கு அதே 200. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும்.