போர்தோ சிவப்பு ஒயின்: முதிர்வுத் திறன் மதிப்பீடு

தென்மேற்குப் பிரான்சின் போர்தோ வட்டாரச் சிவப்பு ஒயின், நிலவறையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கத் தக்கதா எனச் சுவைத்து அறியும் முறை. ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையான மெதோக்கில் கபெர்னே சொவிஞ்ஞோன் திராட்சையும், வலக்கரையில் மெர்லோவும் மேலோங்கும். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் இருக்கும்போதே வணிகர்களும் விமர்சகர்களும் மாதிரிகளைச் சுவைக்கின்றனர். இது ‘ஆன் பிரிமர்’ எனப்படும்.

மதிப்பீடு: கோப்பையை வெள்ளைத் துணியின்மேல் சாய்த்துப் பார்த்தால், இளம் ஒயினின் விளிம்பு ஊதாவாகவும் முதிர்ந்ததன் விளிம்பு செங்கல் நிறமாகவும் தெரியும். வாயில் ஈறுகளைக் கவ்வும் துவர்ப்பு டானினால் வருவது. அதனுடன் புளிப்பும் பழச்சுவையும் ஈடுகொடுத்து நிற்க வேண்டும். உமிழ்ந்த பின்னும் சுவை நெடுநேரம் தங்க வேண்டும். பழச்சுவை மெலிந்திருந்தால், துவர்ப்பு அடங்குவதற்குள் அது வற்றிவிடும்.

சேமிப்பு: சுமார் 12–13 பாகை செல்சியஸ் நிலையான வெப்பமும் இருட்டும் தேவை. தக்கை உலராதிருக்கப் புட்டிகள் படுக்கவைக்கப்படும். காலப்போக்கில் டானின் மூலக்கூறுகள் ஒன்றிணைந்து துவர்ப்பு மென்மையாகும். ஒரு பகுதி வண்டலாகப் படியும். ஆகவே பழைய ஒயினை மெல்லச் சாய்த்துத் தெளிவாக இறுத்துப் பரிமாறுவர்.