குத்திய பிறகு ஊசி போகும் வழி

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையோரக் கிளினிக் ஒன்றில் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டவர், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கிளம்பிவிடுவார். ஊசிக்கு அதன் பிறகுதான் பயணம். அதில் மிக ஆபத்தான தூரம், நர்ஸின் கையிலிருந்து மேஜையோர வெள்ளை டப்பா வரைக்குமான ஒரு முழம்.

பழக்கத்தில் மூடியைத் திரும்பச் செருகப் போய் விரலில் குத்திக்கொள்வது அங்கேதான். நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவர் என்றால், 100 பேரில் 30 பேருக்கு வரை தொற்றலாம். ஆகவே மூடவே கூடாது. ஊசி வெட்டும் கட்டரில் வைத்து வெட்டினால் ஊசி வெள்ளை டப்பாவுக்கு, சிரிஞ்ச் சிவப்புப் பைக்கு. ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு. அதை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின் உயிர்நாடியே இந்தப் பிரிப்புதான். இங்கே கலந்துவிட்டால் பின்னால் எந்த ஆலையாலும் சரிசெய்ய முடியாது.

75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு ஆலை இருந்தால் மருத்துவமனை தானே எரிக்கவோ புதைக்கவோ கூடாது. செங்கல்பட்டு வட்டத்தில் தென்மேல்பாக்கத்தில் அப்படியொரு ஆலை உண்டு. பார்கோடு ஒட்டிய டப்பா, ஜி.பி.எஸ். பொருத்திய வண்டியில் ஏறி ஆலைக்குப் போகும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரம் வெந்து, துண்டு துண்டாகி, கடைசியில் இரும்பு வார்ப்பாலைக்கும் போகலாம்.

வழி தவறினால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பரில் திருநெல்வேலி பார்த்தது. நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்டுக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே கேரளம் லாரிகளில் திருப்பி அள்ளிச் சென்றது. மறு ஆண்டே, இப்படிக் கொட்டுபவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்கத் தமிழக சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. தேவையான கடுமைதான்.

ஆனால் வீட்டில் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவரின் ஊசிக்கு ஆலையின் வண்டி வருவதில்லை. 2016 திடக்கழிவு விதிகள் அதை வீட்டு அபாயக் கழிவு என்றன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிட்டன. நடைமுறையில் பல வீடுகளில் அந்த ஊசி காய்கறித் தோலோடு சேர்ந்து தூய்மைப் பணியாளரின் கைக்குத்தான் போகிறது. இன்சுலின் விற்கும் மருந்துக்கடைகளிலேயே வெள்ளை டப்பா வைத்து, கிளினிக்குக்கு வரும் அதே வண்டி அங்கேயும் நின்று எடுத்துப் போக வேண்டும். அதுவரை கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, இறுக மூடி, ‘ஊசி’ என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.